சாம்பல் நிறத்தில் ஒரு குரல்

ஜனவரி 3, புதன்

மைக் விற்கும் கடையிலிருந்து சிவநேசன் சாருக்கு வருஷாவருஷம் நான்கு டைரி வரும். இந்த வருஷம் ஒன்றை என்னிடம் நீட்டினார். "பேசத்தான் மாட்டேங்கிற. எழுதவாவது செய்யேன் எழில்," என்றார்.

சாலிகிராமத்தில் இருக்கும் அவருடைய ஸ்டூடியோவில் நான் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. காலை ஒன்பது மணிக்குத் திறக்க வேண்டும். கேபிள்களைச் சுருட்ட வேண்டும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் வாளியைக் கொட்ட வேண்டும். பதிவாகும் ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரில் பெயரும் நிறமும் கொடுக்க வேண்டும். டிரம்ஸ் நீலம், கிட்டார் சிவப்பு, குரல் பச்சை. சில சமயம் பாடகருக்கு மெட்டு பிடிபடுவதற்காக வேறு யாராவது முதலில் பாடி வைப்பார்கள். அதை 'ட்ராக் பாடுவது' என்போம். பாடகர் பாடி முடித்ததும் அந்தக் குரலை அணைத்துவிடுவோம். அதற்குச் சாம்பல் நிறம். ட்ராக் பாடியவரின் பெயரை எங்கும் போடுவதில்லை.

இன்று 'கொதிகலன்' வந்தார்கள். எண்ணூர்ப் பையன்கள் ஒன்பது வருஷத்துக்கு முன் தொடங்கிய ராக் பேண்ட். பென்னி அண்ணாவின் உறுமலுக்காகவே அவர்களுக்குக் கூட்டம் சேரும். மெட்டும் வரிகளும் கிட்டார் வாசிக்கும் முகிலுடையவை. இன்று அவர் பையிலிருந்து ஒரு மெலோடிகா, ஒரு யூகலேலே, ஓர் ஓட்டை ஹார்மோனியம், இரண்டு பித்தளைக் கிண்ணம் எல்லாம் வெளியே வந்தன.

"மச்சான், இது பேண்டா பாத்திரக் கடையா?" என்றார் டிரம்ஸ் வாசிக்கும் சாதிக்.

"இனிமே சத்தம் வேணாம்டா. பாட்டுக்குள்ள கொஞ்சம் காத்து வரட்டும். பாம்பே மியூசிக் கம்பெனி ஒரு பாட்டு கேக்கறான். பழைய மாதிரி குடுத்தா ஆயிரம் பேர் கேப்பான். அந்த ஆயிரம் பேரும் நம்ம ஃபிரண்டுங்கதான்."

பென்னி அண்ணா கிண்ணத்தை விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். "இதுல நான் இன்னா பண்றது?"

"பாடு."

"அதத்தான ஒம்பது வருஷமா பண்றேன்."

"இல்ல பென்னி," என்றார் முகில். "பாடு."

ஜனவரி 5, வெள்ளி

புதுப் பாட்டில் மழை விட்ட பிறகு பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள். 'குடையை மடக்கு, தூறல் போதும்' என்று தொடங்குகிறது. எளிய மெட்டுதான். ஒளிய இடமே இல்லாத மெட்டு.

பென்னி அண்ணா இரண்டு மணி நேரம் பாடினார். மெட்டு கை நழுவும்போதெல்லாம் பழக்கத்தில் உறுமல் வந்துவிட்டது. கடைசியில் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "சட்ட இல்லாம ரோட்ல நிக்கற மாதிரி கீதுடா," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஜனவரி 8, திங்கள்

கதவைத் திறக்கும்போதே பென்னி அண்ணா படியில் உட்கார்ந்திருந்தார். எண்ணூரிலிருந்து முதல் ரயிலில் வந்திருக்கிறார்.

"மத்தவங்க வர்றதுக்குள்ள ஒரு மணி நேரம் பாடிப் பாக்கவா எழிலு? நீ யார்ட்டயும் சொல்ல மாட்ட. அதான் உன்கிட்ட பாடறேன்."

அவருடைய அம்மா சர்ச் பாடகர் குழுவில் முப்பது வருஷமாகப் பாடுகிறாராம். கொதிகலன் கச்சேரிக்கு ஒருமுறை கூட்டிப்போயிருக்கிறார். அம்மா கடைசி வரை உட்கார்ந்து கேட்டுவிட்டு, "உனக்கு யார் மேலடா இவ்ளோ கோவம்?" என்று கேட்டாராம். "நான் பாடுன ஒரு வார்த்த கூட அதுக்குப் புரிஞ்சது இல்ல. இந்த ஒரு பாட்டாவது புரியட்டும்," என்றார்.

பாடி அலுத்ததும் திரையைப் பார்த்து நிறங்களைப் பற்றிக் கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு ட்ராக்கிலும் சின்னதாக ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் அந்தக் குரல் மட்டும் அணையும். அவரே இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்.

"ஒரு ஆள அணைக்கறதுக்கு இத்தினியூண்டு பட்டனா," என்றார்.

ஜனவரி 10, புதன்

இன்று நான் ட்ராக் பாடினேன்.

விருப்பப்பட்டுப் பாடவில்லை. பென்னி அண்ணாவுக்கு நடுவில் மெட்டு விட்டுப்போய்க்கொண்டே இருந்தது. பிடித்துக்கொண்டு போக ஒரு குரல் வேண்டும் என்றார் முகில். "எழிலுக்குப் பாட்டு மனப்பாடம். ஒரு வாரமா முணுமுணுத்துக்கிட்டே இருக்கா," என்றார் சிவநேசன் சார். நான் முணுமுணுப்பது யாருக்கும் கேட்காது என்று நினைத்திருந்தேன்.

பாடும் அறையில் விளக்கை அணைக்கச் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களைத் திரும்பி உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார்கள். இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி.

வெளியே வந்தேன். சாதிக் மெதுவாகக் கேட்டார். "உள்ள வேற யாராவது இருக்காங்களா?"

ஹெட்போனை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். 'ட்ராக்_எழில்' என்று பெயர் வைத்தேன். சாம்பல்.

ஜனவரி 11, வியாழன்

ஏசி வாளி நிரம்பித் தரையெல்லாம் தண்ணீர். ஹெட்போன் போட்டிருந்ததால் கவனிக்கவில்லை.

ஜனவரி 16, செவ்வாய்

பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தேன். ஆம்பூர் பக்கம். அம்மா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள். இருநூறு மெஷின் ஒன்றாக ஓடும் கூடத்தில் வேலை. அதனால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவாள். எங்கள் வீட்டில் மொத்தச் சத்தமும் அவளுடையது. எனக்கு மீதி வைக்கவில்லை என்று அப்பா இருந்தபோது சொல்வார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்தவள் நான்தான். கடைசி வருஷ வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளி ஆசிரியர், "செவுத்துக்கா பதில் சொல்ற? எனக்குச் சொல்லும்மா," என்றார். பதில் எல்லாம் சரி. மதிப்பெண் பாதி.

பாட்டைச் சின்ன ஸ்பீக்கரிலும் கேட்டுச் சரிபார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். அதனால் என் போனில் ஏற்றிப் போயிருந்தேன். ட்ராக் குரலோடு இருந்ததுதான் கையில் இருந்தது. அம்மா கரும்பை வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"யாருடி இது?"

"ஒரு பொண்ணும்மா."

"ரெண்டு நாளா சோறு துன்னாதவ மாதிரி பாடறா. ஆனா நல்லா கீது." கரும்பைக் கீழே வைத்தாள். "இன்னொரு வாட்டி போடு. யார் பெத்த பொண்ணோ."

ஜனவரி 24, புதன்

பென்னி அண்ணா பாடிவிட்டார். முப்பத்தொன்றாவது முறை. நடுவில் 'வீடு வரைக்கும் நனைந்தே போகலாம்' என்று வரும் நாலாவது வரியில் மட்டும் சுருதி ஒரு நூல் கீழே போகிறது. முகில் இன்னொரு முறை கேட்டார். "வேணாம், விடு. அதுல ஒரு மனுஷன் இருக்கான்," என்று சிவநேசன் சார் தடுத்துவிட்டார்.

என் ட்ராக்கை அணைத்தேன். அவருடையதைப் பச்சையாக்கினேன்.

அவர் அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் செய்தார். "பாட்டு பிப்ரவரி பதினாறு வெள்ளிக்கிழம வருதும்மா. ஆமா, நான்தான். வார்த்த எல்லாம் புரியும். சத்தியமா கத்தல."

பிப்ரவரி 1, வியாழன்

சிவநேசன் சார் தங்கை மகள் கல்யாணத்துக்குக் கோவை போகிறார். எட்டாம் தேதிதான் வருவார். குரலையும் வாத்தியங்களையும் ஒன்றாகக் கலந்து பாட்டை முடித்துவிட்டார். நான் ஒருமுறை சரிபார்த்து நாளைக்குள் பாம்பேக்கு அனுப்ப வேண்டும். முகில் தானும் ஒருமுறை கேட்கிறேன் என்றதற்கு சார் சிரித்தார். "ரெண்டு வருஷத்துல இவ கையில ஒரு தப்பு வந்ததில்ல. உன்னை நம்பறதுக்கு இவளை நம்பலாம்."

பிப்ரவரி 2, வெள்ளி

ஸ்பீக்கர்களைத் தூசி தட்டினேன். அறுந்திருந்த ஒரு கேபிளைப் பற்றவைத்தேன். பாட்டில் எங்காவது இரைச்சல் இருக்கிறதா என்று பதினோரு முறை கேட்டேன். பெரிய ஸ்பீக்கரில், கதவைச் சாத்திக்கொண்டு. இல்லை. நாலு இருபதுக்கு அனுப்பினேன். ஹாஸ்டலுக்கு வரும் வழியில் கொய்யா வாங்கினேன். உள்ளே சிவப்பு.

பிப்ரவரி 5, திங்கள்

பாம்பேயிலிருந்து பதில் வந்துவிட்டது. இந்தப் பெண் யார், எங்கே பிடித்தீர்கள், இவ்வளவு நாள் ஏன் ஒளித்து வைத்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

முகில் எல்லாரையும் வரச் சொன்னார். நான் அனுப்பியதைப் போட்டுக் கேட்டோம். என் குரல். முதல் வரியில் சாதிக் சிரித்தார். இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டார்.

ட்ராக்கை அணைக்க மறந்திருக்கிறேன். அப்படித்தான் அவர்களிடமும் சொன்னேன். ஜுரம் வரும் போல் இருந்தது அன்று, கவனம் சரியில்லை. கை தவறிவிட்டது.

முகில் என்னைப் பார்த்த பார்வையில் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். பென்னி அண்ணாதான் குறுக்கே வந்தார். "விடுடா. பாவம், கை தவறிச்சி. நீ எத்தினி வாட்டி கிட்டார்ல கேப்போ கிளிப் போட மறந்துருக்க? புதன்கிழம பதினாலு வரைக்கும் மாத்தலாம்னுதான கம்பெனிக்காரன் போட்டுருக்கான். மாத்தி அனுப்பிக்கலாம்."

முகில் பாட்டை மறுபடி போட்டார். அதற்கப்புறமும் ஒருமுறை. பிறகு சொன்னார். "மாத்த வேணாம். தப்பா வந்துருக்கலாம். ஆனா இதான் பாட்டு."

"தொண்டைய கிழிச்சிக்கிட்டு ஒம்பது வருஷம் நின்னவன்டா அவன்," என்றார் சாதிக்.

"அவனைப் போன்னு யார் சொன்னது? மேடைல பழைய பாட்டு எல்லாம் அவன்தான்."

பென்னி அண்ணா தரையில் கிடந்த கேபிளை எடுத்துச் சுருட்டத் தொடங்கினார். நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு சுற்று உள்ளே, ஒரு சுற்று வெளியே. முடித்துவிட்டுத் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் வாளியைக் கொட்டினேன். அதில் பாதிகூட நிரம்பியிருக்கவில்லை.

பிப்ரவரி 7, புதன்

இடம் அடைக்கிறது, பென்னி பாடிய முப்பத்தொன்றையும் அழித்துவிடுங்கள் என்று முகில் செய்தி அனுப்பியிருந்தார். முப்பதை அழித்தேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

சிவநேசன் சார் நேற்று கோவையிலிருந்து வந்தார். அனுப்பிய பாட்டை ஒருமுறை கேட்டார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இன்று நான் முடித்துவைத்த ஒரு விளம்பர வேலையை அவரே உட்கார்ந்து முதலிலிருந்து சரிபார்த்தார். இதுவரை அப்படிச் செய்ததில்லை.

மதியம் முகில் வந்தார். இருபத்து நாலாம் தேதி கச்சேரியில் நான் பாட வேண்டுமாம். "வெளிச்சத்தை அணைச்சுடலாம் எழில். யாரும் உங்களைப் பாக்க வேணாம். கேட்டா போதும்." யோசிக்கிறேன் என்றேன்.

சாயங்காலம் ஹாஸ்டல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாடினேன். நாலாவது வரியில் சுருதி கீழே போனது. நான் அப்படிப் பாடியதில்லையே என்று மறுபடி பாடினேன். மறுபடியும் அவரைப்போலவே கீழே போனது. குழாயை மூடிவிட்டேன்.

பிப்ரவரி 12, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. ஒரு வாரமாகப் பென்னி அண்ணா வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

ஒன்பது மணிக்குக் கதவைத் திறக்கப் போனால் படியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய சொந்த மைக் ஒன்று இங்கே இருந்தது. மேலே வலை நசுங்கிய மைக். எடுத்துப்போக வந்திருக்கிறார்.

"டீ சொல்லவா அண்ணா?"

"வேணாம்மா. வண்டி நிக்கிது." மைக்கைத் துணியில் சுற்றினார். பிறகு என் கம்ப்யூட்டர் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எழிலு, ஒண்ணு கேக்கறேன். நீதான சொல்லிக்குடுத்த, ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி பட்டன்னு."

"ஆமாண்ணா."

"உன் ட்ராக்க அணைக்க மறந்துட்டேன்னு சொன்ன. சரி. மறந்தா இன்னா ஆவும்? உன் குரலும் கேக்கும், என் குரலும் கேக்கும். ரெண்டும் சேந்து கேக்கும். அப்டித்தான?"

நான் திரையைப் பார்த்தேன்.

"அதுல நான் இல்லவே இல்லியே. என்துது எப்டி அணைஞ்சிது?"

வெளியே யாரோ ஆட்டோவைத் திருப்ப முடியாமல் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அதைக் கவனிப்பதுபோல் நின்றேன். அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் அணைச்சேன்," என்றேன். எப்போதும்போல மெல்லத்தான் வந்தது. அவர் சத்தமாகச் சொல்லு என்று கேட்கவில்லை.

"அன்னிக்கே தெரியும். முகில் கத்துவான்னுதான் சொல்லல." எழுந்தார். "உன் குரல் நல்லாக்கீது. சத்தியமா நல்லாக்கீது. நீ என்னைக் கேட்டுருந்தா நானே அவன்ட்ட சொல்லிருப்பேன், இவளப் பாட வைடான்னு. நீ கேக்கல பாரு."

வாசல் வரை போய்த் திரும்பினார்.

"எங்கம்மா சர்ச் கோயர்ல எல்லார்ட்டயும் சொல்லி வச்சிட்டாங்க. வெள்ளிக்கிழமனு. அவங்களுக்குத்தான் இன்னா சொல்றதுன்னு தெரியல."

பிப்ரவரி 14, புதன்

பாட்டை மாற்ற இன்று மாலை ஐந்து வரைதான் நேரம்.

பதினொரு மணிக்கு முகில் வந்திருந்தார். சிவநேசன் சாரும் இருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். தவறி அல்ல, தெரிந்தே செய்தேன் என்றேன். பென்னி அண்ணா பாடியதில் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதை அனுப்பிவிடுங்கள் என்றேன். இவ்வளவு நீளமாக நான் பேசி அவர்கள் கேட்டதில்லை.

முகில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தெரிஞ்சு பண்ணா என்ன, தெரியாம பண்ணா என்ன, பாட்டு ஒண்ணுதான எழில்? கம்பெனிக்காரன் விளம்பரமே ஆரம்பிச்சுட்டான். நான் மாத்தல. கச்சேரிக்கு நீங்க வர்றீங்க இல்ல?"

"வரல."

"ஏன்?"

"வரல சார்."

அவர் போனதும் சிவநேசன் சார் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு பேசினார். "இந்தத் தொழில்ல இருபத்தெட்டு வருஷம். கேட்டதுமே எனக்குத் தெரியாதா? நீயா வருவேன்னு பாத்தேன். வந்துட்ட. ஆனா கை தவறினா மன்னிக்கலாம்மா. தவறாத கையை வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? நாளைக்கு இன்னொருத்தன் குரலை நம்பி உன்கிட்ட எப்படி விட்டுட்டுப் போவேன்?" உள்ளங்கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு சார். பென்னி அண்ணா பாடினதை அவருக்கு மட்டும் அனுப்பட்டுமா?"

"அதை அழிக்கச் சொன்னானே."

"அழிக்கல."

சாவியைச் சட்டைப்பையில் போட்டார். "அவன் தொண்டை. அவன்துதான் அது. அனுப்பு."

அனுப்பினேன். அப்போது மணி மூன்றரை. பாம்பேக்குப் பாட்டை அனுப்பும் பக்கமும் அதே திரையில் திறந்துதான் இருந்தது. அதன் கடவுச்சொல் எனக்குத் தெரியும். ஐந்து மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. சார் டீ குடிக்கக் கீழே போயிருந்தார். முப்பத்தொன்றாவதை நானே ஏற்றிவிட்டால் யாருக்கும் வெள்ளி வரை தெரியாது.

யாரையும் கேட்காமல் இன்னொரு முறை ஒரு பட்டனை அழுத்த என்னால் முடியவில்லை. கேபிள்களைச் சுருட்டினேன். வாளியைக் கொட்டினேன். ஐந்து மணி வரை காத்திருந்துவிட்டுக் கிளம்பினேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

காலையில் பாட்டு வந்துவிட்டது. கொதிகலன் என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். பாடியவர் பெயர் இல்லை. என் பெயரைப் போடலாமா என்று முகில் கேட்டபோது வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன். சாதிக் அடுத்த கச்சேரிக்கு வர மாட்டேன் என்றுவிட்டாராம்.

மாலை ஏழு மணிக்கு அம்மா போன். கம்பெனி வேனில் வந்துகொண்டிருந்தாள்.

"ஏண்டி, பொங்கலுக்கு ஒரு பாட்டு போட்டியே, சோறு துன்னாத பொண்ணு. அத வேன்ல போடறாங்கடி. எல்லாரும் கேக்கறாங்க. யாருடி அது?"

"நான்தாம்மா."

வேனின் சத்தம் மட்டும் கேட்டது. என் அம்மா பேசாமல் இருந்து நான் கேட்டதே இல்லை.

பிறகு மற்றதையும் சொன்னேன். வேலை போனது, ஏன் போனது, அவர் முப்பத்தொரு முறை பாடியது, எல்லாம். அவள் திட்டுவாள் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தேன். திட்டவில்லை. அவளுக்கு வராத மெல்லிய குரலில் கேட்டாள்.

"அந்தப் புள்ளையோட அம்மாவுக்கு இன்னிக்கு யாருடி பதில் சொல்றது?"

பிப்ரவரி 17, சனி

பென்னி அண்ணாவிடமிருந்து ஒரு செய்தி. அவ்வளவுதான், வேறெதுவும் இல்லை.

'நீ அனுப்புனத அம்மா கிட்ட போட்டுக் காட்டுனேன். எல்லா வார்த்தையும் புரிஞ்சிதாம். நாலாவது வரி கீழ போவுதுன்னாங்க.'

பதில் எழுதி எழுதி அழித்தேன். அனுப்பவில்லை. இந்த டைரியை எடுத்து முதலிலிருந்து படித்தேன். இரண்டாம் தேதி எழுதியதில் பொய் இல்லை, எழுதாமல் விட்டதுதான் இருக்கிறது. ஐந்தாம் தேதி எழுதியது பொய். இதைப் படிக்க யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் பொய் எழுதியிருக்கிறேன். ஜுரம் எதுவும் இல்லை.

திருத்தி எழுதுகிறேன். பிப்ரவரி இரண்டாம் தேதி, பதினோராவது முறை கேட்டு முடித்த பிறகு, முதலில் பென்னி அண்ணாவின் குரலை அணைத்தேன். பிறகு என்னுடையதைத் திறந்தேன். கை நடுங்கவில்லை.